வாகனம் வராத றோட்டு

திருகோணமலை மாவட்டத்தில் வாகனம் வராத றோட்டுகளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். பகிடி இல்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். புவியியலில் பட்டம் எடுத்து, வேலையற்ற பட்டதாரிகளோடு சேர்ந்து மாவட்ட நிர்வாகக் கச்சேரி வாசலில் உண்ணாவிரதம் குந்தி, இருந்த கொஞ்ச நிறத்தையும் வெயிலுக்குக் கொடுத்த பிறகு கிடைத்த முதல் வேலை அது. பதவியின் பெயர் கள ஒருங்கிணைப்பாளர். அம்மா அயலட்டையில் “மகள் றோட்டுக் கந்தோரில வேலை” என்று சொல்லிவைத்தார். நான் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்குத்தான் வெட்கம்.

வருடம் 2003. சமாதான காலம் என்று பெயர். இரண்டு பக்கத்தாரும் சென்றிக் காவலரணை விட்டு இறங்காமலே ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்த காலம். அந்தச் சிரிப்பை நம்பி வெளிநாட்டுத் திட்டங்கள் வரிசையாக வந்து இறங்கின. சிலர் கிணறு இறைத்தார்கள். சிலர் மிதிவெடி கிளறினார்கள். சிலர் கோபத்தை அடக்குவது எப்படி என்று எங்களுக்குப் பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். நானும் போனேன். மத்தியானச் சாப்பாடு நல்லாயிருந்தது. கோபம் போன மாதிரியே திரும்பி வந்தது.

எங்கள் திட்டத்தின் தலைவர் மத்தியாஸ். ஜேர்மன்காரர். அவருடைய ஊர் முழுக்கக் குன்று, குன்று முழுக்கத் திராட்சைத் தோட்டம், தோட்டங்களுக்கு நடுவே கல்லும் மண்ணுமான கிறவல் றோட்டு. சனி ஞாயிறுகளில் பட்டணத்துச் சனம் தடித்த ரயர் போட்ட சைக்கிளில் அந்தக் கிறவலில் ஏறி இறங்கி, பின்னேரம் ஒரு வைன் வீட்டு முற்றத்தில் குந்தி, இது எந்தக் குன்றின் வைன், இது எந்த வருடத்து வைன் என்று கொப்பளித்துப் பார்ப்பார்களாம். வழியில் ஒரு கார் எதிர்ப்பட்டால் முறைப்பாடு. “நாற்பது கிலோமீற்றர். ஒரு வாகனம்கூட இல்லை” என்று அவர் சொல்லும்போது முகத்தில் கற்பூரம் எரியும்.

அதை இங்கேயும் செய்யலாம் என்பதுதான் திட்டம். வாகனம் இல்லாத றோட்டா? இருபது வருடமாக இரண்டு தரப்பும் போட்டி போட்டு எங்களுக்கு உண்டாக்கித் தந்த சொத்து அது ஒன்றுதானே. பெற்றோல் தடை, பாஸ் நடைமுறை, உடைத்த பாலம், புதைத்த வெடி. ஜேர்மனியில்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

ஆனால் மனிதருக்குத் திருப்தி வருவது லேசில்லை. வெருகல் பக்கம் கூட்டிப்போனேன். மேடு போதாது என்றார். குறிஞ்சாக்கேணிப் பக்கம் கூட்டிப்போனேன். மீன் பெட்டி கட்டிய சைக்கிளும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், மோட்டார் சைக்கிளும் நெரிந்தன. “இங்கே சனம் அதிகம்” என்று கைவிட்டார். அவருக்கு மேடு வேண்டும், கிறவல் வேண்டும், கிராமம் வேண்டும், கிராமத்தில் சனமும் வேண்டும். அந்தச் சனம் றோட்டில் மட்டும் இருக்கக் கூடாது.

அதனால் ஆத்திமோட்டைக்குக் கூட்டிப்போனேன். திரியாயிலிருந்து உள்ளுக்குப் போகும் கிறவல் றோட்டில், நாலைந்து கல்மேடு ஏறி இறங்கினால் வரும் ஊர். என்னுடைய ஊர். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது விட்டு ஓடிய ஊர், 2003இல்தான் திரும்பி வந்திருந்தோம். நான் கூட்டிப்போனதற்குக் காரணம் அழகு இல்லை. மதகு.

ஊருக்கும் வயலுக்கும் நடுவே ஒரு ஓடை. அதற்கு மேலால் வண்டி போகக் கட்டியிருந்த மதகை 1990இல் தகர்த்தார்கள். யார் என்று கேட்காதீர்கள், இரண்டு தரப்பும் மற்றவரைக் கைகாட்டும். அந்தப் பக்கம் அப்பாவின் மூன்று ஏக்கரும் மற்றவர்களின் வயலும் பற்றை மண்டிக் கிடந்தன. மாடு பூட்டி உழ மாடு இல்லை. குச்சவெளி ஜவாஹிர் காக்காவின் உழவு இயந்திரம் ஒன்றுதான் கதி. கோடையில் ஓடை வெறும் மணல், இறங்கி ஏறிவிடும். ஆனால் கோடையில் நிலம் கல்லு, உழ ஏலாது. மாரி பிடித்தால் நிலம் இளகும், ஆனால் ஓடையில் நெஞ்சளவு தண்ணீர். முதல் மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே ஒரு நாள் கிடைத்தால் உண்டு. அதைத் தவறவிட்டால் அந்த வருடமும் விதைப்பு இல்லை. திரும்பி வந்த சனம் விதைக்காவிட்டால் எதற்குத் திரும்பி வந்தது? நிவாரண அட்டையையும் அந்த வருடத்தோடு வெட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

மத்தியாஸின் திட்டத்தில் ‘பாதைச் சீரமைப்பு’ என்று ஒரு தொகை இருந்தது. றோட்டு அவருக்குப் பிடித்துப்போனால் மதகைக் கட்டுவிப்பார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் சூழ்ச்சி.

அவர் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் ஊர்க்கூட்டம். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் பாக்கியரத்தினம் அண்ணருக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். வருகிறவர் சைக்கிள் ஓட றோட்டுப் பார்க்கிறார், வாகனம் இல்லாத றோட்டுத்தான் அவருக்கு விருப்பம், மதகு கேட்பதென்றால் யோசித்துக் கதைக்கவேண்டும் என்று.

“சைக்கிள் ஓடவோ?” என்றார் அவர்.

“ஓம் அண்ணை.”

“ஜேர்மனியில இருந்து?”

“ஓம்.”

“பிள்ளை, நீ படிச்சனி. எண்டாலும் உனக்கு உலகம் விளங்கேல்லை. சைக்கிள் ஓடுறதுக்கு ஒருத்தன் பிளேன் ஏறுவானோ? அவன் றோட்டு இன்ஜினியர். சொல்லாமல் பாக்க வாறான். சொன்னால் நாங்கள் கூட்டித் துடைச்சு வைப்பம் எண்டுதான் சொல்லாமல் வாறான்.”

“கூட்டித் துடைக்கப் போறீங்களோ?”

“விசரே உனக்கு?” என்றார்.

கணக்கெடுக்க யாராவது வந்தால் நல்ல பாயைக்கூடச் சுருட்டி ஒளித்துவிடுவது எங்கள் சனம் முகாம்களில் கற்ற பாடம். கதிரை இருந்த வீட்டுக்குக் கூரைத்தகடு வெட்டுப்பட்டது. றேடியோ பாடிய வீட்டுக்குக் கோழிக்குஞ்சு கிடைக்கவில்லை. அதனால் காட்டும்போது மோசமானதைத்தான் காட்டுவார்கள், மோசம் போதாவிட்டால் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒழுங்கில் வேலை நடந்தது. சங்கத்தின் மண்வெட்டிகளால் றோட்டில் இருந்த பள்ளங்களைப் பெரிசாக்கினார்கள். ஊரில் இருந்த இரண்டு மோட்டார் சைக்கிளையும் வைக்கோலுக்குள் படுக்க வைத்தார்கள். நிலம் பார்க்க வந்து நின்ற ஜவாஹிர் காக்காவின் இயந்திரத்தைப் பற்றைக்குள் தள்ளி, பாலைக்கொப்பு வெட்டி மூடினார்கள். மூடினது என் அப்பா, யோகலிங்கம்.

“அப்பா, நான் சொல்லுறதை நீங்களாவது கேளுங்கோ.”

“கேட்டனான் பிள்ளை. அந்தக் கொப்பை இஞ்சால தா.”

மத்தியாஸ் வந்தார். மேடு ஏறி, மேடு இறங்கி, ஓடைக்கரையில் சைக்கிளை நிறுத்தினார். பெண்கள் அந்தச் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “கரியர் இல்லையே, இதில என்னத்தை ஏத்துறது?” என்று என்னிடம் கேட்டார்கள். ஒன்றும் ஏற்றுவதில்லை என்றேன். பாவம் என்றார்கள்.

பாக்கியரத்தினம் அண்ணர் முன்னுக்கு வந்து கைகட்டி நின்றார். “ஐயா, இந்த றோட்டில ஒரு வாகனமும் வாறதில்லை.”

மொழிபெயர்த்தேன். மத்தியாஸின் கண் விரிந்தது.

“ஒன்றுகூட இல்லையா?”

“வந்ததே இல்லை ஐயா. பஸ் இல்லை, லொறி இல்லை. வருத்தக்காரரைக்கூடக் கட்டிலோட தூக்கிக்கொண்டுதான் போறம்.” அண்ணருக்குக் குரல் தழுதழுத்தது. அந்தக் கடைசி வரி பொய்யில்லை என்பதால் அதை மட்டும் அழுத்தி மொழிபெயர்த்தேன்.

“இன்னும் பத்து வருடத்தில் நிலைமை மாறிவிடுமா?” என்று மத்தியாஸ் கவலையோடு கேட்டார்.

“எங்கட தலைவிதி மாறாது ஐயா.”

மத்தியாஸ் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அண்ணர் என்னைத் திரும்பிப் பார்த்தார்: கண்டியோ, படிச்சவளே, என்ற பார்வை.

அடுத்த கிழமை மத்தியாஸ் பள்ளிக்கூடச் சுவரில் தன் ஊர்ப் படங்களைப் போட்டுக் காட்டினார். பச்சைக் குன்றுகள். நிரை நிரையாகத் திராட்சை. வெள்ளைக் கிறவல் பாதை வளைந்து வளைந்து போகிறது, ஒரு பூச்சி இல்லை. ஊரே வாயடைத்துப் பார்த்தது. அம்மாதான் கேட்டார்: “இவ்வளவு வடிவான ஊர். சனம் எங்கை? அவையளும் இடம்பெயர்ந்திட்டினமோ?”

மொழிபெயர்க்காமல் விட்டேன். மத்தியாஸ் கேட்டார், என்ன சொல்கிறார்கள் என்று. “உங்கள் ஊர் வடிவாம்” என்றேன்.

பாதை தெரிவாகியது. மிதிவெடிக்காரர் வந்து இரண்டாம் தடவையும் பார்த்து, சுத்தம் என்று கடிதம் கொடுத்தார்கள். பிறகு ஓடைக்கு லொறியில் மரம் வந்தது. ஊர் முழுக்கச் சிரமதானம். பெண்கள் பிளேன்ரீ ஊற்றினார்கள். பாக்கியரத்தினம் அண்ணர் தானே அளவு பார்த்து மரம் சுமந்தார். கட்டி முடிந்த பிறகுதான் தள்ளி நின்று பார்த்தோம். வடிவான பலகைப் பாலம். கைபிடி வைத்து, எண்ணெய் பூசி. அகலம் ஒரு சைக்கிளும் அதற்குப் பக்கத்தில் ஒரு வெட்கமும் போகும் அளவு.

“மெசின் எப்பிடிப் போறது?” என்றார் அண்ணர்.

சொல்லவேண்டியதை நான் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன்.

அது மட்டுமில்லை. ஓடைக்கு இறங்கும் இடத்தில் இரண்டு கல்தூண் நட்டு, நடுவில் சங்கிலி, ஆமைப்பூட்டு, மும்மொழியில் பலகை: மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. மத்தியாஸின் அறைக்கு நேரே போனேன்.

“பாலத்தை அகலமாக்க வேண்டும். மதகாகக் கட்டினால் இன்னும் நல்லது.”

“அகலமாக்கினால் வாகனம் வருமே” என்றார்.

“வாகனம் வருவதற்குத்தான் கேட்கிறேன். அந்தப் பக்கம் வயல் இருக்கிறது.”

“மாடு பூட்டி உழலாமே. இன்னும் இயற்கையானது. விருந்தினர்களும் விரும்புவார்கள்.”

“எங்கள் மாடுகளை 1990இல் சாப்பிட்டுவிட்டார்கள்.”

“யார்?”

“பசித்தவர்கள்.”

அவர் வருத்தமாகத் தலையாட்டினார். பிறகு, ஊருக்கு நன்மை கிடைக்காமல் போகாது, சங்கிலிக்கு ஒரு காவலாளி வேண்டும், உள்ளூர் ஆளையே எடுப்போம் என்றார். எடுத்தார். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த, குடிக்காத, வயதான ஆள் என்று பார்த்து என் அப்பாவை எடுத்தார். பச்சைத் தொப்பி ஒன்று, சீட்டித் துணியில் சேட் ஒன்று, ஆமைப்பூட்டுக்கு ஒரு திறப்பு.

அன்றைக்கு வீட்டில் நான் கத்தினேன். “வெக்கமில்லையோ அப்பா? உங்கட வயலுக்குப் போற வழியை நீங்களே பூட்டிக்கொண்டு நிக்கப்போறீங்கள்.”

அப்பா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு காலமும் ஆமிக்காரன் நிண்டவன். அவனிட்டைப் போய், ‘மாத்தையா, ஒருக்கா விடுங்கோ’ எண்டு கெஞ்சினனான். இப்ப நான் நிக்கிறன். கெஞ்சுறதெண்டாலும் என்னட்டையே கெஞ்சலாம் தானே.”

“என்ன கதை இது?”

“திறப்பு ஆரிட்டை இருக்கு எண்டு யோசி” என்றார்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை. முதல் நாளே மழை கொட்டியது. விடிய வெளித்து, மண் நல்லெண்ணெய் மாதிரி மினுங்கியது. வடகிழக்கில் அடுத்த மழை கறுத்துக்கொண்டு நின்றது. அந்த ஒரு நாள் வந்துவிட்டது. விழாவும் அதே நாளில்தான் வந்துவிட்டது.

நான் காலையிலேயே சங்கிலியடிக்குப் போய்விட்டேன், விருந்தினரை வரவேற்க. ஓடையில் முழங்கால் தண்ணீர் ஓடியது. அப்பா தொப்பியோடு நின்றார். சிறிது நேரத்தில் ஜவாஹிர் காக்கா உழவு இயந்திரத்தில் வந்து தூணடியில் நிறுத்தினார். பின்னால் ஊர்ச் சனம் கயிறும் மண்வெட்டியும் விதைநெல் மூட்டையுமாக.

“என்ன யோகலிங்கம், தொப்பியெல்லாம் போட்டு மாப்புள மாதிரி நிக்கிறாய். சங்கிலியக் கழட்டு.”

“கழட்டினால் வேலை போயிரும் காக்கா.”

“கழட்டாட்டி?”

“வயல் போயிரும்.”

“அப்ப ரெண்டில ஒண்டச் சொல்லு. மழை நிக்காது, எனக்கும் நிக்க ஏலாது.”

அப்பா என்னைப் பார்த்தார். “பிள்ளை, உன்ர வேலையும் போகுமோ?”

“ஓம். போகும்.”

“கச்சேரி வாசலில திருப்பிக் குந்துவியோ?”

“குந்திப் பழக்கம்தானே.”

அப்பா பூட்டைத் திறந்தார். சங்கிலி விழுந்த சத்தத்துக்கு ஊர் ஒன்றும் ஆரவாரிக்கவில்லை. எல்லாரும் ஓடையைத்தான் பார்த்தார்கள். இயந்திரம் பாலத்துக்குப் பக்கத்தால் இறங்கியது. நடு ஓடை வரைக்கும் போனது. பிறகு பின்சக்கரம் சுற்றிச் சுற்றி மணலைத் தோண்டி, மெல்லக் குந்திவிட்டது.

கயிறு கட்டி இழுத்தோம். நான், அம்மா, பாக்கியரத்தினம் அண்ணர், எல்லாரும். அசையவில்லை. மறுபடி இழுத்தோம். மேட்டில் சைக்கிள் மணியடிக்கும் சத்தம் கேட்டது.

கொழும்பிலிருந்து வந்த விருந்தினர்கள், இறுக்கமான களிசானும் தலைக்கவசமுமாக, நிரையாக இறங்கி வந்தார்கள். சுற்றுலா நிறுவனத்தார், பத்திரிகைக்காரர், தூதரகத்து ஆட்கள். முன்னால் மத்தியாஸ். அவர் ஓடையைக் கண்டார், சங்கிலியைக் கண்டார், என்னைக் கண்டார். நான் சேற்றில் தொடையளவு நின்றேன். அவர் வாயைத் திறக்குமுன் சுற்றுலா நிறுவனத்துப் பெண் ஒருத்தி சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடிவந்தாள்.

“இதுவும் நிகழ்ச்சியில் இருக்கிறதா? நாங்களும் இழுக்கலாமா?”

“இருக்கிறது” என்றேன். “இழுக்கத்தான் வேண்டும்.”

அவ்வளவுதான். சப்பாத்தோடு இறங்கினார்கள். ஜவாஹிர் காக்கா இருக்கையில் இருந்தபடி பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “புள்ள, அந்த நெட்டையனுகள முன்னுக்கு விடு. காலப் பாரு, எருமைக்குக் கூட இப்படிக் கால் இல்ல. இவ்வளவு சதைய வெச்சிக்கிட்டு வெறும் சைக்கிள் ஓடுறானுகளே.”

மொழிபெயர்ப்பு கேட்டார்கள். “உங்கள் கால் பலமானதாம்” என்றேன். சந்தோசப்பட்டார்கள். மத்தியாஸ் கரையில் சிவந்துபோய் நின்றார். விருந்தினர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். வேறு வழியில்லாமல் அவரும் இறங்கி, கயிற்றைப் பிடித்தார். அவருக்கு முன்னால் என் அப்பா, பச்சைத் தொப்பியோடு.

குன்றுகளில் ஏறி வைன் குடித்து வளர்த்த கால்கள் கடைசியில் ஒரு வேலைக்கு உதவின. மூன்றாவது இழுவையில் இயந்திரம் உறுமிக்கொண்டு அக்கரை ஏறியது. பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். தூதரகத்துப் பெண் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அம்மா சேற்றுக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்றில் வைத்திருந்தார்.

வயல் கரையில், திராட்சைக்குப் பதிலாக, கள்ளுச் சுவைக்க ஒரு கொட்டில் போட்டிருந்தோம். அவர்கள் அதில் குந்தி, சிரட்டையில் கள்ளைக் கொப்பளித்து, இது எந்தப் பனை என்று என்னிடம் கேட்டார்கள். உயரமான பனை என்றேன். முன்னால் இயந்திரம் பற்றையைப் புரட்டிக்கொண்டு போனது. கறுப்பு மண் மேலே வந்தது. கொக்குகள் எங்கிருந்து கேள்விப்பட்டனவோ, வந்துவிட்டன.

மத்தியாஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்று நினைத்து, சொல்லவேண்டிய நாலு வார்த்தையை நான் நாக்கில் அடுக்கிவைத்திருந்தேன்.

“எல்லாருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது” என்றார். “வண்டி இழுத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்ய முடியுமா என்று உன் அப்பாவிடம் கேள்.”

கேட்டேன். அப்பா வரம்பில் நின்று, கண்ணை வயலை விட்டு எடுக்காமல் பதில் சொன்னார். “ஓடைக்கு மதகு கட்டித் தரச்சொல்லு. பிறகு ஒருத்தரும் இழுக்கத் தேவையில்லை.”

ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

மத்தியாஸ் யோசித்தார். “மதகு கட்டினால் வண்டி புதையாதா?”

“புதையாது.”

“அப்படியென்றால் மதகு வேண்டாம்” என்றார்.

நாக்கில் அடுக்கிவைத்திருந்த நாலு வார்த்தையையும் அப்போது சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன், பட்டம் எதற்கு இருக்கிறது. அவர் முகம் மறுபடி சிவந்தது. கொட்டிலில் சிரிப்பு நின்றது.

“என்னவாம் துரை?” என்று அப்பா கேட்டார்.

“மதகு தரமாட்டாராம். எனக்கு இனி வேலையும் இல்லை.”

“ம்.” அப்பா வானத்தைப் பார்த்தார். முதல் துளி விழத் தொடங்கியிருந்தது. விருந்தினர்கள் தலைக்கவசத்தைத் தேடி ஓடினார்கள். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். “காக்கா, அந்த மேற்கு மூலையில ஒரு சால் விட்டுப்போச்சு” என்று கத்தினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “வேலை இல்லையெண்டால் ஏன் அங்க நிக்கிறாய்? விதைநெல் கொட்டிலடியில நனையுது, தூக்கிக்கொண்டு வா” என்றார்.